நாலாவது இலை

ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே ஒரு பழைய கதவைப் படுக்கப் போட்டு மேசையாக்கியிருந்தோம். கூட்டாளி என் மனைவியின் அண்ணன். அவரும் ரயில்வே ஃபிட்டர்தான். எனக்கு ஆங்கிலம் படிக்க வரும். அவருக்குக் கை பேசும். அதனால் புத்தகம் பார்ப்பது நான், இரும்பு பார்ப்பது அவர் என்று ஓர் ஏற்பாடு. வருகிறவர்களிடம் பேசுவதும் நான்தான். இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் ஒரு டிரெசர் இருந்தார். காய்ச்சலுக்கு மருந்தும் காயத்துக்குக் கட்டும் அவர் பொறுப்பு. இள வயது, அதிர்ந்து பேசமாட்டார். மூன்று தோட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும் பெரிய வேலை ஒன்று அவருக்குக் கிடைப்பதாக இருந்தது. தோட்டத்துத் துரை போட்ட நிபந்தனை ஒன்றுதான்: குறிப்பிட்ட திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சொந்த மோட்டார் சைக்கிளோடு வந்து நிற்க வேண்டும். அவரிடம் வண்டி இருந்தது. பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி. புகைக்கும் சத்தத்துக்கும் குறைச்சலில்லை, இழுவைதான் இல்லை. அதை ஒரு மாதத்துக்கு முன்பே எங்களிடம் கொண்டுவந்து விட்டார்.

பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தேய்ந்திருந்தது. சிலிண்டரின் உட்சுவர் அதைவிட மோசம். சீனர் லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே புதிதாக ஒரு லைனரை, அதாவது இரும்பு உறையை, இறக்கிக் கடைந்து வாங்கினோம். அவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கமாக விட்டுக் கொடுப்பார்கள். மீதியை நாம் கையால் தேய்த்துச் சரிபண்ண வேண்டும். புது பிஸ்டன் அலுமினியம். சூடேறினால் இரும்பைவிட அதிகமாக உப்பும். இடைவெளி போதாவிட்டால் ஓடுகிற ஓட்டத்திலேயே சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கூடிப்போனால் லொடலொடவென்று அடிக்கும். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை நாங்கள் 'தௌ' என்போம். புத்தகம் நாலு தௌ வேண்டும் என்றது. நானும் அப்படியே சொன்னேன்.

"மச்சான், நாலு வரணும். நாலு போனா நிறுத்திக்கலாம்."

"நாலுதானே? ஆகட்டும் மாப்ளே."

இடைவெளி பார்க்கிற எஃகுத் தகடுகளை நாங்கள் இலை என்போம். மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஒரு டஜன் இலைகள் ஓர் ஆணியில் கோத்திருக்கும். ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். மச்சானின் இலைக்கட்டு பல வருடத்துச் சாமான். பொறித்த எண்கள் எண்ணெயிலும் துருவிலும் மங்கிப்போயிருந்தன. அதற்காக அவர் கவலைப்பட்டதே இல்லை.

ரயில்வே வேலை முடிந்து வந்து ஐந்து மாலைகள் அவர் தேய்த்தார். மரக்கட்டையில் எமரித் துணியைச் சுற்றி, எண்ணெய் விட்டு, லைனருக்குள் சுழற்றிச் சுழற்றித் தேய்ப்பார். பிறகு மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வளையம் போடாத பிஸ்டனை உள்ளே விட்டு, பக்கத்தில் இலையைச் செருகி இழுத்துப் பார்ப்பார். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடம். நான் பென்சிலோடு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஐந்தாம் நாள் அவர் நிமிர்ந்தார்.

"நாலாவது இலை உள்ள போயிருச்சு மாப்ளே. மூணு இடத்துலயும் ஒரே மாதிரி இழுக்குது."

நான் நோட்டில் 4 என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

அந்தத் திங்களுக்கு முதல் நாள் மதியம் டிரெசர் வந்தார். வண்டி இரண்டாவது உதையிலேயே பிடித்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"நம்பிப் போகலாமாண்ணே?"

"கண்ண மூடிக்கிட்டுப் போங்க ஐயா. நாலு தௌ, புத்தகத்துல இருக்கற மாதிரியே. முதல் நூறு மைலுக்கு ஸ்பீடு இருபத்தஞ்சு தாண்டாதீங்க, அவ்வளவுதான்."

அடுத்த ஞாயிறு அவர் ரயிலில் வந்தார். வண்டியும் கூட்ஸ் வேனில் வந்திருந்தது. வழியில் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் என்ஜின் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிட்டதாம். அங்கிருந்து தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். மறுநாள் எட்டு மணிக்குத் துரை முன்னால் வெறுங்கையோடு நின்றிருக்கிறார். அந்த வேலை வண்டி வைத்திருந்த இன்னொருவருக்குப் போய்விட்டது. இதையெல்லாம் யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்லிவிட்டு, கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

நாங்கள் சிலிண்டரைக் கழற்றினோம். பிஸ்டனின் இரண்டு பக்கமும் உரிந்திருந்தது. லைனர் சுவரில் அலுமினியம் திட்டுத்திட்டாக அப்பியிருந்தது. மச்சானுக்கு நம்ப முடியவில்லை. இலைக்கட்டை எடுத்து விரித்தார்.

"நாலாவது இலை போச்சே மாப்ளே. நீயும் பாத்தியே."

விரலை வைத்து எண்ணிக் காட்டினார்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான் அந்த நாலாவது இலையை வாங்கி, மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்து வெயிலில் பிடித்தேன். மங்கலாக எண் தெரிந்தது. இரண்டரை. கட்டில் ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்றுதான் இலைகள் இருந்தன. நாலு தௌ இலை அதற்கும் இரண்டு தள்ளி இருந்தது. அவர் சொன்னதும் நாலு, நான் எழுதியதும் நாலு. எழுந்து போய் அந்த இலையை ஒரு தடவை பார்க்க எனக்கு இரண்டடி தூரம். ஐந்து நாளும் நான் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வெட்கத்தில் காது சுட்டது. மச்சானுக்கும் விளங்கிவிட்டது. இலைக்கட்டை மடக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

டிரெசர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிஸ்டனைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். இருபத்தஞ்சு தாண்டாதீங்கன்னு சொன்னீங்க. பத்து தீகாகிட்ட ரோடு காலியா இருந்துச்சு. ஒரு மைல் முப்பதுல போயிட்டேன். இத்தனை நாள் நீங்க ரெண்டு பேரும் பாத்த வேலைய நானே கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

இடைவெளி சரியாக இருந்திருந்தால் ஒரு மைல் முப்பதில் போனது அந்த என்ஜினை ஒன்றும் செய்திருக்காது. அது எனக்குத் தெரியும், மச்சானுக்கும் தெரியும். மச்சான் என்னைப் பார்த்தார். பேசுவது என் வேலை.

"பரவால்ல ஐயா," என்றேன். "புதுசா ஓட்டறப்ப எல்லாருக்கும் வர்ற ஆசைதான்."