இரண்டு குழாய்ச் சுண்ணாம்பு நீர்

காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அலுவலக உதவியாளர் முனுசாமி என்னிடம் ஓடிவந்தார். “டீச்சர், தேவசகாயம் சாரு வூட்லருந்து ஆளு வந்துகீது. சாரு விடிகாலைல போய்ட்டாராம்” என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. கையிலிருந்த சாக்பீஸ் பெட்டியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தேவசகாயம் சார் எங்கள் மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர். நான் உயிரியல். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருக்கும் இந்தப் பள்ளியில் எங்கள் இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே அலமாரி. சண்டையும் ஒன்றே ஒன்றுதான். எரிவதும் சுவாசிப்பதும் ஒன்றா, வேறா?

ஆண்டுதோறும் சார் ஒரு சோதனை செய்து காட்டுவார்கள். மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த ஜாடியில் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றிக் குலுக்குவார்கள். அது பால்போல வெளுக்கும். அதை ஒரு சோதனைக் குழாயில் ஊற்றி வைப்பார்கள். இன்னொரு குழாயில் இருக்கும் சுண்ணாம்பு நீரில் தாமே ஊதுவார்கள். அதுவும் வெளுக்கும். பிறகு கதவருகே நிற்கும் என்னைப் பார்த்துக் குறும்பாகச் சிரிப்பார்கள்.

“சர்க்கரைய அடுப்புல போட்டாலும் வாயில போட்டாலும் ஆக்சிஜனோட சேர்ந்து கடைசியில வர்றது கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும்தான். ரெண்டும் ஆக்சிஜனேற்றம். இதுல இன்னா டீச்சர் வித்தியாசம்?”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “அடுப்பு எல்லாத்தையும் சூடும் வெளிச்சமுமா ஒரேயடியாக் கொட்டிடுது சார். உடம்பு நொதிங்களை வெச்சு, படிப்படியா, கொஞ்சம் கொஞ்சமா எடுத்துச் சேர்த்து வெக்குது. இல்லேன்னா காலையில காபி குடிச்ச நாம முதல் பீரியடுக்குள்ள வெந்துபோயிருப்போம்” என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சார் மட்டும் விடமாட்டார்கள். “கணக்கு ஒண்ணுதானே?” என்பார்கள். “கணக்கு ஒண்ணுதான், வாழ்றது வேற” என்பேன். ஆசிரியர் அறையில் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு இந்த வழக்கு நடந்திருக்கிறது.

பிறகு சாருக்கு நுரையீரல் கெட்டது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, தூரத்து வயலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார்கள். மூச்சு வாங்குகிறது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டோம். மார்புக்குச் சிரமம் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த 1991ஆம் ஆண்டும் அந்தப் பாடம் வந்தது. “சார், வேற யாரையாவது ஊதச் சொல்லுங்களேன்” என்று கெஞ்சினேன்.

“இத்தினி வருஷமா நான்தான் ஊதிக்கினு வர்றேன். இந்த வருஷமும் என் மூச்சுதான்” என்றார்கள்.

மெழுகுவர்த்தியின் குழாய் உடனே தயாராகிவிட்டது. சார் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மற்றொரு குழாயில் ஊதினார்கள். இரண்டு குமிழி வந்தது. நிறுத்தினார்கள். மறுபடி ஊதினார்கள். நீர் கண்ணாடிபோல் அப்படியே இருந்தது. வகுப்பில் ஒருவரும் அசையவில்லை. போதும் சார் என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு. மணி அடிக்கப்போகும் நேரத்தில் மெல்ல மெல்லக் கலங்கி, கடைசியில் அதுவும் வெளுத்தது.

பிள்ளைகள் போன பிறகு சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். குழாய்களைத் தக்கையால் மூடி, மெழுகுவர்த்தியுடையதை இடப்பக்கமும் சாருடையதை வலப்பக்கமுமாகத் தாங்கியில் வைத்தேன்.

“டீச்சர், நீங்க சொன்னதுதான் சரி. காத்து கொஞ்சம் கொறஞ்சாலே மெழுகுவர்த்தி அணைஞ்சிடுது. எனக்கு எவ்ளோ கொறஞ்சு போச்சு, இன்னும் பேசிக்கினு இருக்கேன் பாருங்க. உடம்பு இருக்கிறத வெச்சுப் படிப்படியா சமாளிக்குது.”

இத்தனை ஆண்டுகள் எந்த வார்த்தைக்காகச் சண்டை போட்டேனோ, அந்த வார்த்தை எனக்கு அன்றைக்கு வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. ஆய்வகத்திலேயே அழுதேன். சார் மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை.

ஒரகடத்துக் கல்லறைத் தோட்டத்தில் மழையிலேயே அடக்கம் நடந்தது. அடுத்த வாரம் சாரின் மனைவி ரெஜினா அம்மா, சார் விட்டுப்போன கண்ணாடிக் கூட்டையும் குடையையும் எடுத்துப்போக ஆய்வகத்துக்கு வந்தார்கள். தாங்கியில் இருந்த குழாய்களைப் பார்த்து, “இது இன்னாங்க டீச்சர்?” என்று கேட்டார்கள். சொன்னேன். மேலே நீர் தெளிந்து, இரண்டிலும் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

“அப்போ, அவரு மூச்சு இன்னும் இதுல கீதா?”

“ஆமாம்மா. சுண்ணாம்போட சேர்ந்து அடியில தங்கியிருக்கு.”

“இது போவாதே?”

“போகாதும்மா.”

அம்மா இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எந்தச் சோதனை செய்தாலும் இரண்டும் ஒன்றுதான். சார் சொன்ன கணக்கு பிசகாது.

“இதுல எது டீச்சர் அவருது?”

வலப்பக்கத்துக் குழாயைக் காட்டினேன். அதை மட்டும் எடுத்து, முந்தானையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். மற்றதை நான் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

போய் வாருங்கள், சார்.