அறுப்புக்கு அப்புறம் ஒண்ணுமில்ல

நான் கடலூர் முதுநகர்ப் பொண்ணு. கண்ண மூடிக்கிட்டு வாசனைய வெச்சே எந்த மீனு சங்கரா, எது கிழங்கான்னு சொல்லுவேன். நெல்லுன்னா எனக்குத் தட்டுல கெடக்கற சோறுதான். அப்படிப்பட்டவ வயல் மண்ணுல ஆராய்ச்சி பண்றேன்னு சிதம்பரத்துல போய்ச் சேர்ந்தா என்ன ஆகும்? அதான் ஆச்சு.

வேரும் தாளும் மக்கி மக்கி மண்ணுக்குள்ள கார்பனா தங்கும். பூமி சூடாக ஆக அதுல எவ்வளவு நிக்கும், எவ்வளவு போகும்னு சொல்லணும். அதான் என் வேல. சொல்றது நான் இல்ல, கம்ப்யூட்டர்ல ஓடற ஒரு மாடல். அதுக்கு மாசா மாசம் தீனி வைக்கணும். வெயில் எவ்வளவு, மழை எவ்வளவு, மண்ணுக்குள்ள போன வேரு எவ்வளவு. அப்புறம் ஒரு கட்டம்: அந்த மாசம் நிலத்து மேல பயிர் இருந்தா ஒண்ணு, இல்லன்னா பூஜ்யம். வெறும் நிலமா இருந்தா நுண்ணுயிருங்க கார்பன வேகமா தின்னு காத்துல விட்டுடும்னு மாடல் கணக்குப் போடும். முதல்ல கழிஞ்ச வருஷங்களக் குடுத்து ஓட்டணும். மாடல் சொல்றதும் நாம வயல்ல அளந்ததும் ஒத்துப்போனாதான் இனிமே வரப்போற அம்பது வருஷத்து வெயில அதுகிட்ட நம்பிக் குடுக்கலாம்.

என்னுது ஒத்துப்போகல. மண்ணுல இருந்தது ஜாஸ்தி, மாடல் சொன்னது கம்மி. என் கைடு சார் தங்கமான மனுசன், ஆனா மாடல்னா அவருக்கு சாமி மாதிரி. "உலகம் பூரா ஓட்டறாங்கம்மா. உன் மண்ணுதான் தப்பு. திரும்ப எடு"ன்னாரு.

எடுத்தேன். அதேதான் வந்துச்சு. மூணாவது தடவையும் அதேதான். 2009 பொங்கல் முடிஞ்சு போனப்ப சார் தீர்மானமா சொல்லிட்டாரு: "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். சரியா வரலன்னா இந்த அத்தியாயத்த எடுத்துடு." அத எடுத்துட்டா தீசிஸ்ல மிச்சம் என்ன இருக்கு? முன்னுரையும் நன்றியுரையும். மூணு வருஷ உழைப்பு அம்போ! வந்த கோவத்துல ஹாஸ்டல் பக்கெட்ட ஒரு உதை விட்டேன். கால் வீங்குச்சு, பக்கெட்டுக்கு ஒண்ணும் ஆகல.

நொண்டிக்கிட்டே புவனகிரிக்கு பஸ் ஏறினேன். நான் மண்ணு எடுக்கற வயல்ல ஒண்ணு அங்க இருந்துச்சு, என் வயசுல இருந்த ஒரு புருசன் பொண்டாட்டியோடது. நெல்லு பழுத்துத் தலை சாஞ்சு கெடக்கு, ஒரு வாரத்துல அறுப்பு. அந்தப் பொண்ணு இடுப்புல கூடைய வெச்சிக்கிட்டு, நிக்கற நெல்லுக்குள்ள எதையோ வீசி வீசிப் போயிட்டிருந்துச்சு.

"ஐயய்யோ, இன்னா கொட்டறீங்க? என் மண்ணு!"ன்னு வரப்புல நின்னு கத்தினேன்.

"உங்க மண்ணா? பட்டா எப்பக்கா மாத்தினீங்க?" அது சிரிச்சுச்சு. "உளுந்துக்கா. தெளிக்கறோம்."

"நெல்லுக்குள்ளயா?"

"பின்ன? இப்பதான் மண்ணு மெழுகுப் பதத்துல ஈரமா இருக்கு. அறுத்தப்புறம் காஞ்சிடும்ல. அறுக்கும்போதே இது முளைச்சு ரெண்டு இலை வுட்டிருக்கும். பங்குனி முடிய நிக்கும். இந்தப் பக்கம் எல்லாருமே இப்படித்தான்."

"அறுப்புக்கு அப்புறம் என்ன விதைப்பீங்கன்னு ஃபாரத்துல கேட்டேனே! ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே!"

"ஆமாம், அப்புறம் ஒண்ணும் விதைக்கறதில்லதான். முன்னாடியே தெளிச்சிடறோமே!"

புருசன்காரன் வாய்க்கால் பக்கம் நின்னு, "இன்னா படிப்போ போங்க"ன்னு சிரிச்சான். நான் வரப்புலயே உக்காந்துட்டேன். என் ஃபாரம் எல்லாத்துலயும் "ஒண்ணுமில்ல"ன்னுதான் இருக்கு. ஒருத்தர்கூடப் பொய் சொல்லல. நான்தான் எல்லா வயலுக்கும் மாசியும் பங்குனியும் பூஜ்யம்னு போட்டு வெச்சிருக்கேன். மண்ணு எடுக்க நான் போனதெல்லாம் சித்திரைக்கு அப்புறம், வயல் வெறுமையா கெடக்கறப்பதான். அங்க பச்சைப் பசேல்னு உளுந்து நின்னு வேரையும் இலையையும் மண்ணுக்குக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு!

சேத்துக் காலோட லேபுக்கு ஓடினேன். அந்த ரெண்டு மாசத்துப் பூஜ்யத்தையும் ஒண்ணா மாத்தி, உளுந்து வேரையும் சருகையும் சேர்த்து ஓட்டினேன். கோடு மெல்ல மேல ஏறி, நான் அளந்து வெச்ச புள்ளிங்க மேல வந்து உக்காந்துச்சு. ரெண்டு புள்ளி மட்டும் வீம்புக்கு வெளிய நின்னுச்சு, போகுதுன்னு விட்டுட்டேன். அடுத்த அம்பது வருஷத்தையும் குடுத்துப் பாத்தேன். கோடு எறங்கத்தான் செஞ்சுது, சூடு சும்மா விடுமா? ஆனா முன்ன தொபுக்கடீர்னு விழுந்தது இப்ப சரிவா, நிதானமா எறங்குச்சு. எனக்கு ஆடணும் போல இருந்துச்சு. வீங்கின காலோட ஆடவும் செஞ்சேன்.

சார் தாளப் பாத்தாரு. முகம் கடுத்துப் போச்சு. "ரெண்டு மாசம் பூஜ்யத்த ஒண்ணா மாத்தியிருக்க. ஒத்துப்போகணும்னு மாத்தினியா?"

"இல்ல சார். உளுந்து. தெளிப்பு உளுந்து."

அவரு ஃபாரத்த எடுத்து அந்தக் கேள்வியப் படிச்சாரு. திரும்பவும் படிச்சாரு. அந்த ஃபாரத்தத் தயார் பண்ணதே அவருதான். பொறந்தது வளர்ந்ததெல்லாம் நெல்லு வீட்டுல.

"ஏம்மா, காலையில நான் தின்ன இட்லியே எங்க வயல் உளுந்துதான்ம்மா!"

அப்புறம் ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க, கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடைக்க வேண்டியதாப் போச்சு. நானும் சிரிச்சேன், பாதியில அழுதுட்டேன்.

"அத எடுக்காத. முதல் அத்தியாயமாப் போடு"ன்னாரு. "மண்ணு சரி, கேள்விதான் தப்புன்னு எழுது. கேள்விய எழுதினது யாருன்னும் எழுது."

எழுதினேன். ஒரு வார்த்தையும் மாத்தாம கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு.