அருவிக்கடியில் ஒரு நிரூபணம்

போன வாரம் தென்காசியில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வாலிபர் போனைச் சத்தமாக வைத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். மேல்நாட்டுக்காரன் இன்றைக்குக் கண்டுபிடித்ததை நம் ரிஷிகள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள் என்று அதில் ஒருவர் முழங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு இல்லை, நம்புங்கள். பழைய போட்டோவில் ஸ்டெப் கட்டிங் தலையோடு நிற்கும் நம்மையே பார்த்தால் வருமே, அந்தச் சிரிப்பு. ஒரு காலத்தில் இதே முழக்கத்துக்குச் சம்பளம் வாங்கியவன் நான்.

தபாலில் எம்.ஏ. தத்துவம் படிப்பவர்களுக்கு வகுப்பெடுக்க இங்கே ஒரு டுட்டோரியல் இருந்தது. இன்னொரு டிகிரி இருந்தால் நல்லது என்று வரும் போலீஸ்காரர்களும் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களும்தான் பெரும்பாலும் மாணவர்கள். இலத்தூர்க்காரனான எனக்கு இந்தியத் தத்துவம், கடையத்திலிருந்து வரும் ஞானதுரைக்கு மேலைத் தத்துவம். வகுப்பு மாடியில், கீழே பரோட்டாக் கடை. இன்றைக்கும் எங்காவது சால்னா கொதிக்கும் வாசனை வந்தால் எனக்கு மாயாவாதம் ஞாபகம் வரும். என்ன செய்ய, பழகிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் எங்கள் சண்டை தொடங்கும். 'எங்க ஆளு', 'உம்ம ஆளு' என்றுதான் பேச்சே. அவருடைய ஆள் ஒரு பிரெஞ்சுக்காரர். உலகம், உடம்பு என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுவிட்டு, சந்தேகப்படும் எண்ணம் ஒன்று ஓடுவதால் தான் இருப்பது மட்டும் நிச்சயம் என்று அதில் காலூன்றியவர். என் ஆட்கள் அதற்கும் அடியில் தோண்டினார்கள். எண்ணமே இல்லாத ஆழ்ந்த தூக்கத்திலும் உனக்குள் ஒரு சாட்சி விழித்திருக்கிறது, இல்லாவிட்டால் சுகமாகத் தூங்கினேன் என்று காலையில் எப்படிச் சொல்வாய்? இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு மிதப்பு வரும். "தூங்கினவன் சாட்சி கோர்ட்ல செல்லாது வே" என்பார் ஞானதுரை.

ஒருநாள் அவர் மனைவி கிரேஸ் போன் செய்தாள். அவருக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியும் கையெழுத்துப் போட மறுக்கிறாராம். "மயக்க மருந்துன்னா பயப்படுதாக, அண்ணாச்சி. நீங்கதான் வந்து சொல்லணும்" என்று அழுதாள்.

போனேன். கத்திக்கா பயப்படுகிறீர் என்று கேட்டேன்.

"கத்தி கெடக்கட்டும் வே. எண்ணம் நின்னுட்டா நான் எங்கன இருப்பேன்? நடுவுல நான் இல்லாமப் போயி, வேற எவனோ முழிச்சுக்கிட்டான்னா?"

முகம் வெளுத்திருந்தது. தான் நடத்தும் பாடத்துக்கு உண்மையாகவே பயப்படும் ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கெல்லாம் தத்துவம் பரீட்சைக் கேள்வியோடு சரி.

நேரே குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். நல்ல சீசன். கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு குளிக்கவா என்று கிரேஸ் திட்டியதைக் காதில் வாங்கவில்லை. மெயினருவித் தள்ளுமுள்ளுக்குள் அவரைப் பிடித்து நிறுத்தினேன். அந்தத் தண்ணீர் தலையில் விழும்போது உங்களுக்கும் தெரிந்திருக்குமே, ஊர் பேர் எதுவும் மிஞ்சாது. வெளியே வந்ததும் அவர் காதில் கத்தினேன்.

"உள்ள நிக்கும்போது ஒரு எண்ணமாவது வந்துச்சா?"

"இல்ல."

"நீரு இருந்தீரா, இல்லியா?"

நடுங்கிக்கொண்டே யோசித்தார். "இருந்தேன் வே" என்றார்.

மறுநாள் கையெழுத்துப் போட்டார். வேதாந்தமே ஜெயித்துவிட்டதாக நினைத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் பேசத் தொடங்கியதும், எப்படி இருந்தது என்று ஆவலாகக் கேட்டேன்.

"தூக்கம் மாதிரி இல்ல" என்றார் மெல்ல. "தூங்கினா தூங்கினோம்னாவது தெரியும். அதுவும் இல்ல. எங்க ஆளோட எண்ணமும் இல்ல, உம்ம சாட்சியும் இல்ல. ஆனா திரும்பி வந்தது நாந்தான். கிரேஸத் தெரியுது, உம்மத் தெரியுது." விட்டத்தைப் பார்த்தார். "நான் இல்லாதப்ப என்னைய யாரு வே வச்சிருந்தா?"

அவர் முகத்தில் பயம் துளியும் இல்லை. முதன்முதலாகக் கடலைப் பார்த்த பிள்ளையின் முகம் அது. எங்கள் இருவரின் புத்தகங்களிலும் அவர் கேள்விக்குப் பதில் இருக்கலாம். என் வாயில் இல்லை. அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்ற பிரமிப்புதான் இருவருக்கும். கிரேஸ்தான் கஞ்சியை ஆற்றிக்கொண்டே எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

அதன்பின் 'உம்ம ஆளு' என்ற பேச்சு எங்களுக்குள் வரவில்லை. டுட்டோரியலையும் மூடிவிட்டார்கள். வகுப்பு நடந்த மாடி இப்போது ஒரு செல்போன் கடையின் குடோன். ஞானதுரையும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு கிரேஸ் என்னிடம் வந்தாள்.

"இப்பவும் அவுகள யாராவது வச்சிருப்பாகல்லா, அண்ணாச்சி?"

எதற்கும் நாலு மேற்கோளோடு தயாராக நின்ற அந்தப் பழைய வாத்தியாரை எனக்குள் தேடிப் பார்த்தேன். ஆள் இல்லை.

"வச்சிருப்பாகம்மா" என்றேன். யார் என்று அவளும் கேட்கவில்லை.