பொட்டு வைத்த பலகை

மும்பை மாட்டுங்காவில் பென்ஷன் வாங்குகிற எவரையும் ஏதாவது ஒரு சங்கம் வந்து பிடித்துக்கொள்ளும். சிலரை பஜனை பிடிக்கும், சிலரைக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி பிடிக்கும். என்னைப் பிடித்தது பாதமும் கணுக்காலும்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கும் பெண் செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நடக்கும்போது பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு எடை விழுகிறது, கணுக்கால் எப்படி மடங்குகிறது என்பது அவள் படிப்பு. இதையே படிக்கிறவர்கள் உலகத்தில் அங்கங்கே இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் முதல் அடியை அளக்கிறார், இன்னொருவர் மூன்றாவது அடியை அளக்கிறார். ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு வைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே ஏழு நாட்டுக்காரர்கள் சேர்ந்து, இனி எல்லோரும் ஒரே மாதிரி அளப்பது என்று ஒரு குழு தொடங்கினார்கள். அவர்களிடம் அறிவு இருந்தது, கருவி இருந்தது. விதிமுறை எழுத ஆள் இல்லை.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவன் நான். "ஒரு பக்கம் எழுதிக் குடுத்தாப் போறும் மாமா" என்றாள். பத்தொன்பது பக்கம் எழுதிக் கொடுத்து, குழுவின் செயலாளராகவும் ஆனேன். எந்தத் திருத்தத்துக்கும் ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் முதல் நாள் அளவெடுப்பை வேறு நாட்டு உறுப்பினர் ஒருவர் திரையில் பார்க்க வேண்டும். கருவி யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். மூன்றாவது கூட்டத்தில், குளிர் நாட்டுப் பேராசிரியர் ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போவதற்கு என்னிடம் அனுமதி கேட்டார். குழு உருப்பட்டுவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அளக்கிற கருவி ஒன்றுதான். கறுப்பாக, ஒரு கோலப் பலகையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். அதன்மேல் கால் வைத்து நடந்தால், எடை விழுந்த இடம் கணினியில் சிவப்பும் மஞ்சளுமாகத் தெரியும். அதே பலகை பெட்டியில் ஏறி நாடு நாடாகப் போக வேண்டும், ஒரு நாட்டுக்கு மூன்று வாரம். தன் முறையைத் தவறவிட்ட நாடு முதல் தொகுப்பில் சேராது. அந்த விதியும் நான் எழுதியதுதான்.

நம் முறை வந்தபோது சுங்கத்தில் பலகையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அது எடை பார்க்கும் இயந்திரமா என்று அதிகாரி கேட்டார். எடை பார்க்காது, எடை எங்கே விழுகிறது என்று பார்க்கும் என்று எழுதிக் கொடுத்தோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் எழுத்தில் கேட்டார். அவர் குறிப்பைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அந்த வித்தியாசத்தை அரசாங்கம் ஒப்புக்கொள்ளப் பதினேழு நாள் ஆயிற்று.

மீதி இருந்தது நான்கு நாள். சனிக்கிழமை காலை கூரியர்காரன் வந்துவிடுவான். வெள்ளிக்கிழமை விஜயதசமி, தாராவியில் பட்டறைகளுக்கு விடுமுறை என்பதால் ஆட்கள் வருவார்கள். எண்பது அடி வராந்தாவோடு அங்கே ஒரு மண்டபம் பிடித்து, நாற்பது பேரைச் சொல்லி வைத்திருந்தோம். நாள் முழுக்கத் தலையில் சுமப்பவர்கள், வெறுங்காலில் நிற்பவர்கள், தேய்ந்த ரப்பர் செருப்போடு ஊர் சுற்றுபவர்கள். மற்ற ஆறு நாட்டிலும் அளந்தது பெரும்பாலும் ஷூ போட்ட கல்லூரி மாணவர்களைத்தான். "நார்மல் கால்னு நாளைக்கு உலகம் பூரா ஒண்ணைக் காட்டுவா மாமா. அது அவா கால் மட்டுமா இருக்கப்படாது" என்று அந்தப் பெண் சொன்னாள். அவளுக்கு இரண்டு வருஷ உழைப்பு அது.

வியாழக்கிழமை பலகையை மண்டபத்தில் இறக்கி, பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டேன். அவள் கணினியைத் தயார் செய்ய செம்பூருக்குப் போய்விட்டாள். அன்று ஆயுத பூஜை. மண்டபத்தில் தையல் மெஷின், மைக் செட், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். தட்டு என் பக்கம் வந்தது. அலுவலகத்தில் டைப்ரைட்டர் காலத்திலிருந்து ஜெராக்ஸ் மெஷின் காலம் வரை ஒரு வருஷமும் தவறாமல் பொட்டு வைத்தவன் நான். யோசிக்கவே இல்லை. பலகையின் நான்கு மூலையிலும் ஒன்று, நடுவில் பெரிதாக ஒன்று. மேலே ஒரு சாமந்தி. சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் மறுநாள் நடக்க வேண்டியவர்கள்.

வெள்ளிக்கிழமை காலை முதலில் வந்தவர் இட்லி வியாபாரம் செய்யும் அம்மாள். தினமும் தலையில் பாத்திரத்தோடு தாராவியிலிருந்து சயான் வரை நடப்பவர். வெளிநாட்டிலிருந்து காலைப் பார்க்கிறார்கள் என்பதால் காலுக்கு மஞ்சள் பூசி வந்திருந்தார். திரையில் குளிர் நாட்டுப் பேராசிரியர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். எப்போதும் நடப்பதுபோல நேரே நடந்து போங்கள் என்றாள் எங்கள் பெண். அம்மாள் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கம்பீரமாக நடந்து வந்தார். பலகைக்கு முன்னால் நின்றார். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

அடுத்து வந்தவர் தாதர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அவர் பலகையை ஒரே தாண்டாகத் தாண்டினார். மூன்றாவது ஆள் அதைச் சுற்றி முழு வலமே வந்துவிட்டார். இந்த நடை மிகவும் சுவாரசியமாக இருக்கிறது, தடையைக் கண்டால் விலகும் பழக்கம் இவ்வளவு சீராக வேறெங்கும் பார்த்ததில்லை என்று பேராசிரியர் திரையிலிருந்து சொல்லிக் குறித்துக்கொண்டார்.

சாமந்தி இரவே காற்றில் போயிருந்தது; காய்ந்து மங்கிய பொட்டுகளை எங்கள் பெண் அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பொட்டு வெச்சேளா?"

"நேத்து பூஜையாச்சே" என்றேன்.

அவள் ஈரத்துணியை எடுத்துத் துடைத்தாள். அதுவே அடுத்த தப்பு. நாற்பது பேரும் அதைப் பார்த்தார்கள்.

"தொடச்சா போயிருமா தாயி?" என்றார் இட்லி அம்மாள். என் பக்கம் திரும்பினார். "நீங்களே பொட்டும் வச்சிட்டு, நீங்களே மிதிக்கவும் சொல்லுதிய. நல்லாருக்கா ஐயா?"

நல்லாயில்லைதான். பூஜை நேற்றே முடிந்துவிட்டது, இது இப்போது வெறும் கருவி என்று விளக்கினேன். அலுவலகச் சுற்றறிக்கை நடையில் விளக்கினேன் போலிருக்கிறது. சிலர் பாதியில் டீ குடிக்கப் போனார்கள். மணி பதினொன்றரை. ஒரு கால்கூடப் பதிவாகவில்லை.

"நீங்க மொதல்ல மிதிங்கோ மாமா. பார்த்தா அவாளும் வருவா" என்றாள் அவள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, நடை தொடங்கப் போட்டிருந்த கோட்டிலிருந்து நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது அடி பலகையில் விழ வேண்டும். விழவில்லை. கால் காற்றில் நின்றது. எத்தனையோ காகிதங்களில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கை என்னுடையது. கால் மட்டும் இப்படி நேர்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வராந்தா முழுக்கச் சிரித்தது. நானும் பலகையைச் சுற்றிக்கொண்டு போனேன். பேராசிரியர் அதையும் குறித்துக்கொண்டார்.

மூட்டை தூக்குபவர்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். "சார், டென்ஷன் ஆவாதிய. காலைல மொத டிரெயின்ல ஏறும்போது ஃபுட்போர்டத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான நான் ஏறுதேன்? அப்புறம் அது மேலதான நிக்கேன். இதையும் மொத எல்லாரும் தொட்டுக் கும்பிட்டுருவோம். அப்புறம் மிதிச்சா அது கோவிச்சிக்கிடாது."

இட்லி அம்மாள் யோசித்தார். "கேட்டுட்டு மிதிக்கது வேற, கேக்காம மிதிக்கது வேற" என்று தீர்ப்புச் சொன்னார்.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் எங்கள் பெண் கையைப் பிசைந்தாள். கைபட்டால் பலகை அதையும் எடையாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் திரையில் இருந்தது. விதிமுறையில் இல்லாத ஒன்றைச் செய்தால் மும்பை அளவுகள் செல்லாதே, திருத்தத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டுமே என்று பேராசிரியர் மிக மரியாதையாக நினைவூட்டினார். பக்க எண்ணையும் சொன்னார். நான் வளர்த்த பிள்ளை.

அந்த நிமிஷத்துக்காகத்தான் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தேன் என்று நினைக்கிறேன். ஏழு நாள் விதியை எழுதியவன், அடுத்த பக்கத்தில் ஒரு கதவையும் வைத்திருந்தான்: அவசர நிலையில் செயலாளர் தாமே முடிவெடுத்து, பின்னர் குழுவின் பின்னேற்பைப் பெறலாம். இட்லிப் பாத்திரத்தின் மூடிமேல் காகிதத்தை வைத்து ஆங்கிலத்தில் எழுதினேன். 'நடப்பவர் ஒவ்வொருவருக்கும், முதல் நடைக்கு முன், பலகையைக் கையால் தொட அவகாசம் தரப்படும். அதன்பின் கருவி பூஜ்யத்துக்குக் கொண்டுவரப்படும்.' காரணம் எழுதவில்லை. காரணம் எழுதினால் விவாதம் வரும்.

காகிதத்தைத் திரைக்கு முன் பிடித்தேன். பேராசிரியர் இரண்டு முறை படித்துவிட்டுச் சரி என்றார்.

வரிசை நகர்ந்தது. இட்லி அம்மாள் தொட்டார், கோட்டுக்குத் திரும்பினார், நடந்தார். பொட்டு இருந்த இடத்தில் குதிகால் பதிந்தது. கணினியில் சிவப்பாக ஒரு வட்டம் எழுந்தது. எங்கள் பெண் அதைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்பதாவது ஆள் நடந்து முடித்தார். கடைசியில் நானும் தொட்டுவிட்டு நடந்தேன். என் பாதம் தட்டை என்று தெரிந்தது. முப்பத்து நான்கு வருஷம் நாற்காலியில் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவள் சொன்னாள்; நான் நம்பவில்லை. சனிக்கிழமை காலை கூரியர்காரன் பெட்டியை எடுத்துப் போனான்.

அடுத்த கூட்டத்தில் பின்னேற்பு ஒருமனதாக நிறைவேறியது. மும்பைக் கால்கள் முதல் தொகுப்பில் சேர்ந்தன. விதிமுறையில் அந்த வாக்கியமும் நின்றுவிட்டது. நீக்கச் சொல்லி இதுவரை யாரும் முன்னறிவிப்பு தரவில்லை.

போன மாதம் குளிர் நாட்டுப் பேராசிரியரிடமிருந்து செயலாளருக்கு என்று ஒரு கடிதம் வந்தது. இரண்டாவது சுற்றில் பலகை இப்போது அங்கே இருக்கிறது. அவருடைய மாணவர்கள் விதிப்படி நடப்பதற்கு முன் ஒவ்வொருவராகக் குனிந்து பலகையைத் தொடுகிறார்களாம். ஏன் என்று கேட்டால் விதிமுறை என்று சொல்லிவிடுகிறாராம். ஒரே ஒரு சந்தேகம்தான், வலது கையா, இடது கையா என்று விதியில் தெளிவாக இல்லை என்று எழுதியிருந்தார்.

வலது கை என்று பதில் எழுதி, திருத்தத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பும் கொடுத்திருக்கிறேன்.