படிக்காமல் தள்ளிய ரெஸ்யூம்கள்

இன்று காலை எங்கள் ரெக்ரூட்மென்ட் டீமில் ஒன்பது பேரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதில் நானும் ஒருத்தி.

ஆபீஸ் சாமான்களை அடைத்த பெட்டியோடு அடுகோடியில் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஸ்டெல்லா. அவளுக்கும் வேலை போய்விட்டது. அவளுக்கு இந்த வேலையைப் பழக்கியதே நான்தான்.

"அக்கா, ஆறு மாசத்துக்குள்ள வேற வேலை கெடச்சிடும்ல?"

"அதென்ன ஆறு மாசக் கணக்கு?"

"அதுக்கு மேல சும்மா இருந்தவங்க ரெஸ்யூம்னா, மேற்கொண்டு படிக்காம தள்ளிடுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

லிங்கராஜபுரத்தில் அவள் இறங்கியதும் போனை எடுத்து இதை எழுதுகிறேன்.

அப்படி நான் தள்ளிவிட்டவர்கள் யாராவது இங்கே இருந்தால், கமெண்டில் திட்டிவிட்டுப் போங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, இந்த முறை கடைசி வரி வரை படிக்கிறேன்.