பெட்டியின் மேல் இருந்த பதினைந்து எண்கள்

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கைப்பேசி நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக லைன் புகார்களைப் பார்க்கிறேன். உறவுக்காரர்களுக்கு அது போதும். கல்யாண வீட்டில் இலையில் சோறு விழுவதற்குள் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தொலைந்த போன் எங்கே, மூன்று நாளாக வராத புருஷன் எங்கே, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன் என்பார்கள். முடியாது, சட்டம் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

அக்கா மட்டும் அதுவரை கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தாள். வாழையிலைக் கடையில் என் எதிரே உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு போன் பெட்டியை எடுத்து வைத்தாள். காலிப் பெட்டி. போன் போனாலும் பெட்டியை நாங்கள் தூக்கிப் போட மாட்டோம். அலமாரி மேல் அடுக்கி, உள்ளே ஊக்கும் பழைய சாவியும் போட்டு வைப்போம். அந்தப் போனை அவள் மகளுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

மகள் வீட்டைவிட்டுப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. இருபத்தாறு வயது. பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்றதற்கு அவள் அப்பா, என் மாமா, கை நீட்டினார். மறுநாள் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. ‘நல்லா இருக்கேன், தேடாதீங்க’ என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. பிறகு அந்த எண் அடங்கிவிட்டது.

“சிம் கார்ட மாத்திட்டா லா. ஆனா பெட்டி மேல உள்ள நம்பர் மாறாதாம், உங்க மாமா விசாரிச்சிட்டு வந்து சொன்னாரு. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லு. அவரே போய்க் கூட்டிட்டு வந்துருவாரு.”

மாமா விசாரித்தது சரிதான். சிம்மை மாற்றினால் தொலைபேசி எண் மாறும். பெட்டியில் அச்சடித்த பதினைந்து எண்கள் போனுக்கே உரியவை. எந்தச் சிம்மைப் போட்டாலும் போன் அவற்றையும் சேர்த்தே டவரிடம் சொல்லும்.

“முடியாதுக்கா” என்றேன். ஆனாலும் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அலுவலகக் கணினியில் அந்த எண்களைப் போட்டுப் பார்த்தேன். யாரோ கொடுத்த புகார் மாதிரி திறந்து பார்த்தேன். உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்தால் போதும் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே போன், புது எண். அதுவும் எங்கள் நிறுவனத்துச் சிம். செமினியில் ஒரு டவர், தினமும் அதே டவர். முதலில் நிம்மதியாக இருந்தது. உடனே யாருடைய படுக்கையறைக் கதவையோ தட்டாமல் திறந்துவிட்டது போல உடம்பெல்லாம் கூசியது.

அக்காவிடம் ஒன்றும் தெரியவில்லை என்றேன். ஆனால் மாமா சும்மா இருக்கிற ஆள் இல்லை. என்னைப் போல இன்னொருத்தரைத் தேடிப் பிடிப்பார். அதனால் சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் நின்று அக்கா மகளை அந்தப் புது எண்ணில் அழைத்தேன்.

“சின்னம்மா பேசுறேன் மா. சிம் மட்டும் மாத்துனா பத்தாது. போனையும் மாத்திரு.”



“இந்த நம்பர நான் வீட்டு ஆளுங்க யாருக்கும் கொடுக்கலயே. அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்பாவுக்கு?”

“யாருக்கும் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன்.”

“அப்ப உங்களுக்கு மட்டும் ஏன் தெரியணும், சின்னம்மா?”

அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் இன்னொரு முறையும் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன். அந்தப் போனும் அந்தப் புது எண்ணும் எந்த டவருக்கும் வரவில்லை. அதன்பிறகு வரவே இல்லை.

பெட்டியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா அழைத்து, “ஏதாச்சும் தெரிஞ்சுதா?” என்று கேட்கிறாள். தெரியலக்கா என்கிறேன். முதல் தடவை அதைப் பொய்யாகச் சொன்னேன். இப்போது எனக்கு உண்மையிலேயே தெரியாது.