அம்பிட்டியவில் நான் இருந்த ஒருசந்தி

நான் வேலை செய்கிற வட இத்தாலியச் சிற்றூரில், மருந்துக்கடை வரிசையில் ஆட்கள் விரலளவுக் குழாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மூடி பச்சை. உள்ளே இருப்பது அவரவர் மலம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகச் செய்துதரும் பரிசோதனை அது; வீட்டிலேயே எடுத்து, கடையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஒரு கையில் குழாய், மறுகையில் நாய்க்குட்டியின் கயிறு, முன்னால் நிற்பவரோடு மழையைப் பற்றிய பேச்சு. முதல்முறை கண்டபோது எனக்கு அருவருப்பு வரவில்லை, முகம்தான் சுட்டது. அவர்கள் படாத வெட்கத்தை அவர்களுக்குப் பதிலாக நான் பட்டுக்கொண்டு நின்றேன்.

எனக்கும் ஒரு நாள் அந்தக் குழாய் வந்தது. காகிதத்தில் சுற்றி, பிஸ்கட் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் ஒளித்து எடுத்துப்போனேன். கடைப்பெண் கையை நீட்டியதும், “சிஞ்ஞோராவுடையது” என்று வாய் தானாகப் பொய் சொன்னது. சிஞ்ஞோரா என்பது நான் கூடத் தங்கிப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டி. அந்தப் பெண் ஒவ்வொரு பையாகப் பிரித்து, குழாயில் ஒட்டியிருந்த பெயரைக் கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்: “மரியா யாச்சிந்தா. இது நீங்கள்தானே?” மேரி ஜெசிந்தா என்ற பெயர் அந்த ஊர் வாயில் அப்படித்தான் ஆகும். அவள் கேலி செய்யவில்லை, உதவிதான் செய்தாள். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, வாங்கப்போன இருமல் மருந்தை வாங்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

இதில் சிரிக்க ஒன்று இருக்கிறது. சிஞ்ஞோராவைக் கழுவித் துடைத்து உடுத்திவிடுவதுதான் என் பிழைப்பு. தன் வயிறு இன்றைக்கு எப்படிப் போனது என்று காலைக் கோப்பியோடு அவர் விலாவாரியாகச் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரியும் தன் வயிற்றைப் பற்றிப் பதிலுக்குச் சொல்வாள். கழிப்பறைக்குள் போனால் கதவை ஒருச்சாய்த்துவிட்டு, விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் நிமிடத்துக்கொரு தரம் “சி ஸேய்?” என்று கேட்பார். இருக்கிறாயா என்று அர்த்தம். “சி ஸோனோ” என்பேன், இருக்கிறேன். இத்தனை வருஷம் ஊரார் மலத்துக்கு முகம் சுளிக்காதவள், என் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேச நா எழாமல் கிடந்தேன். என்ன பிறவியோ!

குழாயில் ரத்தம் தெரிந்திருக்கிறது என்றார் டொக்டர். கொலனோஸ்கோப்பி செய்ய வேண்டும், பின்பக்கமாகக் கமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. மயக்க ஊசி போடுவதால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும், வீட்டில் யார் இருக்கிறார் என்று கேட்டார். சிஞ்ஞோரா இருக்கிறார் என்றேன். டொக்டர் சிரித்து, அந்த அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிவருவது யார் என்றார். நான் பகிடி விட்டதாக நினைத்துவிட்டார். எனக்கோ அங்கே சொல்லிக்கொள்ள வேறு ஆளில்லை. கோயிலில் காண்கிற நம்மவர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் சொன்னால் ஞாயிறு பூசைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் லீவு கேட்டுக்கொண்டு கண்டிக்கு வந்தேன். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி டொக்டரைச் சனல் பண்ணி, பரிசோதனைக்கு நாளும் எடுத்தேன். டவுனுக்குப் பக்கத்திலேயே அம்பிட்டியவில் என் தங்கை ஸ்டெல்லா இருக்கிறாள். டவுன் பள்ளிக்கூடமொன்றில் டீச்சர். பிள்ளைகள் இல்லை, கணவர் டோஹாவில். அவளிடமும் சும்மா ஒரு செக்கப் என்றுதான் சொன்னேன்.

ஏன் அப்படி மறைத்தேன் என்றால், எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். எங்கள் அப்பா கண்டியில் ஒரு புடவைக்கடையில் கணக்கெழுதியவர். கடைசிக் காலத்தில் விடியுமுன் எழுந்து, இடுப்பில் உடுத்திய சாரத்தைத் தானே துவைத்துக் காயப்போடுவார். என்னப்பா என்றால் மூலச்சூடு என்பார். மீனை நிறுத்தினார், ஜவ்வரிசிக் கஞ்சி குடித்தார், கடையில் கதிரையில் உட்கார முடியாமல் நின்றபடியே எழுதினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது குடல் முழுக்கப் பரவியிருந்தது. பார்க்க வந்தவர்களிடம் காய்ச்சல் என்றோம். செத்த வீட்டில் நெஞ்சுவலி என்றோம். பூசை வைத்த சுவாமிக்கும் அதையே சொன்னோம். இது குடும்பத்தில் வரக்கூடியது என்று யாராவது எங்களுக்குச் சொல்ல நினைத்திருந்தாலும், நாங்கள் எங்கே சொல்லவிட்டோம்?

அக்கா வந்த சந்தோஷத்தில் ஸ்டெல்லா சமைத்துத் தள்ளினாள். பலாப்பிஞ்சில் பொலஸ் கறி, கீரையில் மல்லுங், சிவப்பரிசிச் சோறு, கொய்யாப்பழம். எனக்கோ கீரை, கொட்டை, தோல், நார் எதுவும் ஆகாது, வெள்ளைச் சோறும் பாணும்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தட்டில் அளைந்துகொண்டிருந்தேன். “என்னக்கா, இத்தாலி போனதும் நம்ம சோறு எறங்கலயா?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், கண் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: ஒரு நேர்த்தி வைத்திருக்கிறேன், ஒருசந்தி இருக்கிறேன். நோன்பு என்றால் எங்கள் வீட்டில் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். அவள் உடனே தட்டை எடுத்துக்கொண்டு, என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தாள். கடவுள் பெயரில் பொய் சொல்லி வாங்கிய மரியாதை! அன்றிரவு செபம் சொல்லும்போது சிலுவையை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். என் பொய்க்கு இருந்தது. மேட்டுத்தெரு முழுக்க ஏறி இறங்கியது. பரிசோதனைக்கு முந்தின நாள் பின்னேரம், குடலைக் கழுவும் மருந்துத்தூளைத் தண்ணீரில் கரைத்து நான் குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகவில்லை, எங்கள் தெருச் செபக்கூட்டத்துப் பெண்கள் வாசலில் நின்றார்கள். முன்னால் பிலோமினாக்கா. செபம் எடுத்துக்கொடுப்பவர், ஊரில் ஒரு குற்றம் குறை தப்பாத கண். இத்தாலியிலிருந்து வந்தும் ஒருசந்தி இருக்கிறாளே, அவளுடைய நேர்த்திக்காக நாமும் ஒரு செபமாலை சொல்லுவோம் என்று கிளம்பி வந்திருக்கிறார்கள். ஸ்டெல்லா ஆசையாகத்தான் அழைத்திருந்தாள். என்னை மாதா படத்துக்கு நேரே நடுக்கதிரையில் இருத்தினார்கள். அந்த வீட்டில் கழிப்பறைக் கதவு திறப்பது ஹோலுக்குள்தான், அதுவும் பலகைக் கதவு.

செபமாலையில் முதல் பத்து மணி முடியவில்லை, வயிறு இடிஇடித்தது. எழுந்தேன். வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். மூன்றாம் தடவை, வெறும் வயிற்று மயக்கம் பாவம், தம்பிலி இளநீர் வெட்டிக் கொடுங்கள் என்று பிலோமினாக்கா சொல்வது உள்ளே கேட்டது. அவர்கள் சொல்வது எனக்குக் கேட்டால், என் சத்தம் அவர்களுக்குக் கேட்காதா? பைப்பை முழுசாகத் திறந்து வாளியில் விழவிட்டேன். வாளி நிரம்பியதும் கவிழ்த்துவிட்டு மறுபடி விழவிட்டேன். அம்பிட்டிய மேட்டில் தண்ணீர் குறித்த நேரத்துக்குத்தான் வரும், மிச்ச நேரம் கூரைத் தொட்டிதான் கதி என்பதை, சுவரெல்லாம் வெந்நீர் ஓடும் ஊரிலிருந்து வந்த நான் மறந்துபோனேன். பைப் இருமியது, சொட்டியது, நின்றுவிட்டது. வாளி காலி. கழுவ ஒரு கோப்பைத் தண்ணீர் இல்லை.

வெளியே மங்கள வார்த்தை செபம் ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே குந்தியபடி அழுதேன். பேசாமல் சிஞ்ஞோராவின் வீட்டிலேயே யாருக்கும் தெரியாமல் செத்திருக்கலாம் என்று தோன்றியது. அப்பா விடியலில் துவைத்த சாரம் ஞாபகம் வந்தது, அவர் எப்படி அதைச் செய்தார் என்று முதல்முறையாகப் புரிந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல், “ஸ்டெல்லா, தண்ணி” என்று கூப்பிட்டேன். செபம் நின்றது. அவள் குசினியிலிருந்து குடத்தோடு ஓடிவந்து கதவைத் தட்டினாள். என்னக்கா, நஞ்சு கிஞ்சு ஏதும் சாப்பிட்டீங்களா என்று பதறினாள். இனி எதை மறைக்க?

“இது ஒருசந்தி இல்ல ஸ்டெல்லா. நாளைக்கு எனக்குக் குடல்ல கமரா விட்டுப் பாக்கப் போறாங்க. ரத்தம் கலந்து போகுதாம். அப்பாவுக்கும் இதுதான் இருந்துச்சு, மூலமில்ல.”

எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அந்தப் பலகைக் கதவு எதையும் மறைக்காது. நான் தலையைக் கையில் பிடித்துக்கொண்டேன். அப்போது ஒரு கதிரை நகரும் ஒலி, தொண்டையைச் செருமும் ஒலி. பிலோமினாக்கா மாதா பாட்டொன்றை எடுத்தார். சும்மா அல்ல, திருநாள் கூட்டத்தில் மைக் இல்லாமல் பாடுகிற குரலில். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூரை அதிரப் பாடினார்கள். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. எனக்காகத்தான் அப்படிப் பாடுகிறார்கள் என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. வெட்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டுச் சத்தத்துக்குள்தான் ஸ்டெல்லா குடத்தை உள்ளே தள்ளிவிட்டு, கதவோரம் வாயை வைத்துச் சொன்னாள்.

“எனக்கும் போகுதுக்கா.”

“எத்தன நாளா?”

“தவக்காலத்துல இருந்து. மூலம்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். யாருகிட்டயும் சொல்லல.”

ஒருசந்தி என்று நான் பொய் சொன்ன அன்று, அவள் சிவப்பரிசிச் சோற்றை எனக்குப் போட்டுவிட்டுத் தான் ஜவ்வரிசிக் கஞ்சி குடித்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்தும், என் வயிற்றையே நினைத்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில், பின்னால் திறந்த கவுணைக் கையால் இறுக்கிப் பிடித்திருந்த என்னை நர்ஸ் மிஸ் பார்த்து, “பய வெண்ட எபா அம்மே” என்று தோளைத் தட்டினாள். பயமில்லை மிஸ், வெட்கம்தான் என்று சொல்ல எனக்குச் சிங்களம் அவ்வளவு வராது. ஊசி போட்டார்கள், விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் எனக்குத் தெரியாமலே நடந்துபோயிருந்தது. சின்ன முளை ஒன்றை வெட்டி எடுத்திருக்கிறோம், பார்த்தால் பயப்படும்படி இல்லை என்றார் டொக்டர். பிறகு வந்த முடிவும் அப்படியே சொன்னது. நான் அரை மயக்கத்தில் அப்பாவைப் பற்றியும், வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் பரிசோதனைக்குக் கிடைத்த மிகக் கிட்டிய நாளும் என் லீவு முடிந்த பிறகுதான் வந்தது. விமானச்சீட்டை மாற்றப் பார்த்தேன். சிஞ்ஞோராவைப் பார்க்க வேறு ஆளில்லை என்று அவர் மகன் கையை விரித்துவிட்டார். நான் இத்தாலிக்குத் திரும்பி வந்துவிட்டேன். வந்திருக்கக் கூடாது என்று இதை எழுதும்போதும் குறுகுறுக்கிறது.

இன்று ஸ்டெல்லாவின் பரிசோதனைக்கு முந்தின நாள். அங்கே பின்னேரம், இங்கே சிஞ்ஞோராவின் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஸ்டெல்லா போனைக் கழிப்பறை ஜன்னலில் வைத்திருக்கிறாள். குடங்களில் தண்ணீர் நிரப்பியாயிற்றாம். நாளைக்குப் பிலோமினாக்கா கூடப் போகிறார். இப்போதும் ஹோலில் அவர் குரல்தான் தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறது, போனில் எனக்கே காதடைக்கிறது. நாளைக்கு என்ன தெரியவரும் என்று நாங்கள் இருவரும் பேசவில்லை. உப்பா இருக்குக்கா, குடிக்க முடியல என்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி என்றேன். இந்தப் பக்கம் சிஞ்ஞோரா கழிப்பறைக்குள் போய்க் கதவை ஒருச்சாய்த்திருந்தார். நான் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

“சி ஸேய்?” என்றார் சிஞ்ஞோரா.

“அக்கா, இருக்கீங்களா?” என்றாள் ஸ்டெல்லா.

இருக்கிறேன் என்று இரண்டு பேருக்கும் சொன்னேன். இரண்டு கதவுக்கும் வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன்.